டிக்கியை விட்டுக்கொடுக்காமல் நல்ல பேஸ்: எந்த வழி யாருக்கு?

கார் ஆடியோ கடைக்குள் நுழைந்தால் பேச்சு பெரும்பாலும் 12 இஞ்ச் பாக்ஸில்தான் தொடங்கும். கடையில் கேட்கும்போது நெஞ்சு அதிரும். பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போதுதான் பெட்டி படுக்கையை எங்கே வைப்பது என்ற கேள்வி வரும். மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட்டின் டிக்கி 268 லிட்டர், பலேனோவுக்கு 318. மூன்றாவது வரிசை நிமிர்ந்திருக்கும்போது எர்டிகாவில் 209தான். போர்ட் வைத்த 12 இஞ்ச் பாக்ஸுக்கு உள்ளளவே 50 முதல் 60 லிட்டர் வேண்டும். பலகையின் கனத்தையும் சுற்றி வீணாகும் சந்துகளையும் சேர்த்தால் ஸ்விஃப்ட் டிக்கியில் கால்வாசிக்கு மேல் போய்விடும். பின்னால் சிலிண்டர் படுத்திருக்கும் சிஎன்ஜி காரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் நல்ல பேஸுக்கு டிக்கியைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது நம் காதுக்குத் தெரியாது. அதனால் சப்ஊஃபர் காருக்குள் எங்கே இருந்தாலும் சரி. சிக்கல் பெட்டியின் அளவில்தான். கே.எல்.எச். ஒலிபெருக்கி நிறுவனத்தை நிறுவிய மூவரில் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மன் பெயரில் ஒரு விதி உண்டு: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்ஸில் நிறைந்த சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் ஒரே நேரத்தில் கிடைக்கும். இன்றைய கிளாஸ் டி ஆம்புகள் கைக்கடக்கமாக இருந்துகொண்டே தாராளமாக வாட்ஸ் தருகின்றன. எனவே மூன்றாவதை விட்டுக்கொடுப்பதுதான் நமக்கு லாபம்.

கதவிலிருந்து தொடங்குங்கள்

டிக்கியில் ஒரு அங்குலம்கூடக் கேட்காத மேம்பாடு இதுதான். முன்கதவில் நல்ல ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர், தகரத்தின் மேல் டேம்பிங் ஷீட், கதவின் உள் ஓட்டைகளுக்கு அடைப்பு. இவ்வளவு செய்தாலே பலருக்குப் போதும். ஸ்பீக்கருக்குப் பின்னால் வரும் காற்று ஓட்டைகள் வழியே முன்பக்கம் கலந்தால் பேஸ் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்; அதைத் தடுப்பதுதான் அடைப்பின் வேலை.

செட்டின் அட்டையில் 50 வாட்ஸ் பெருக்கல் 4 என்று போட்டிருப்பது உச்ச அளவு. தொடர்ந்து தரும் ஆர்எம்எஸ் அளவு பெரும்பாலும் 20 வாட்ஸை ஒட்டித்தான் இருக்கும். தனி ஆம்ப் வைக்கப் போவதில்லை என்றால் சென்சிடிவிட்டி 90 டெசிபெலுக்கு மேல் உள்ள ஸ்பீக்கராகப் பாருங்கள்.

இந்த வழிக்கு எல்லையும் உண்டு. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. இளையராஜா பாட்டில் அந்தக் கிட்டார் கீழே இறங்கும் இடம் முழுதாகக் கேட்க வேண்டுமென்றால் கதவு ஸ்பீக்கர் மட்டும் போதாது.

சீட்டுக்கு அடியில்

ஆம்பும் ஊஃபரும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய, 7, 8 சென்டிமீட்டர் உயரமே உள்ள ஆக்டிவ் சப்ஊஃபர்கள் இவை. பெரும்பாலும் 8 இஞ்ச் அளவு. சோனி, பயனியர், ஜேபிஎல், கென்வுட் என எல்லாரும் தருகிறார்கள். பேஸ் கிட்டாரையும் டிரம்ஸின் அடியையும் நன்றாகவே தரும். கானா, குத்துப் பாட்டுக்குப் பின்கண்ணாடி அதிர வேண்டும் என்பவருக்குக் கட்டாயம் ஏமாற்றம்தான்.

வாங்கும் முன் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, உயரச் சரிப்படுத்தி இருந்தால் முழுக்க இறக்கி, அடியில் அளந்து பாருங்கள். சில கார்களில் பின்வரிசைக்கான காற்றுக்குழாய் அங்கே ஓடும். மாருதியின் ஸ்மார்ட் ஹைப்ரிட் வண்டிகள் சிலவற்றில் முன்பயணி சீட்டுக்கு அடியில் லித்தியம் பேட்டரி இருக்கும். மஞ்சள் நிறக் கப்ளர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக் இணைப்பு. அதைக் கழற்ற விடாதீர்கள். மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் பகுதியில் குடியிருந்தால், முதலில் நனைவது இந்தப் பெட்டிதான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஸ்டெப்னிக்குள்

ஸ்டெப்னி சக்கரத்தின் குழிக்குள் உட்காரும் வட்ட வடிவ சப்ஊஃபர் உண்டு. ஜேபிஎல்லின் பேஸ்ப்ரோ ஹப் இந்த வகை: 11 இஞ்ச் ஊஃபர், 200 வாட்ஸ் ஆர்எம்எஸ். மேலே டிக்கி கார்ப்பெட்டை விரித்துவிட்டால் அது இருப்பதே தெரியாது. இடத்தை விடாமல் கிடைக்கும் பேஸில் இதுவே ஆழமானது. விலை சீட்டடி வகையைவிட அதிகம்.

ஸ்விஃப்ட், பலேனோ, டிசையர் போல டிக்கித் தரைக்குள் ஸ்டெப்னி இருக்கும் பெட்ரோல் வண்டிக்குத்தான் இது ஆகும். எர்டிகா, இன்னோவாவில் ஸ்டெப்னி வண்டிக்கு வெளியே அடியில் தொங்குகிறது, அங்கே வழியில்லை. பஞ்சரானால் வயரைக் கழற்றி, சப்ஊஃபரை வெளியே எடுத்த பிறகே சக்கரத்தைத் தொட முடியும். அதை ஒரு தடவை வீட்டு வாசலிலேயே செய்து பழகிக்கொள்ளுங்கள்.

பக்கச் சுவரில் ஃபைபர் பாக்ஸ்

பின்சக்கரத்துக்குப் பின்னால் டிக்கியின் பக்கவாட்டுப் பள்ளத்தில் ஃபைபர் கிளாஸால் வார்த்துப் பொருத்துவது. தரை முழுவதும் காலியாக இருக்கும். 10 இஞ்ச் வரை வைக்கலாம். கைதேர்ந்த ஆளும் நாள்கணக்கான வேலையும் வேண்டும். காரை விற்கும்போது வேறு வண்டிக்கு மாற்ற முடியாது. பத்து வருடம் அதே காரை ஓட்டப் போகிறவருக்கே இது பொருந்தும்.

பேஸ் டியூபும் ஓவலும்

மலிவு என்று டியூபைத் தள்ளிவிடுவார்கள். படுக்க வைத்தாலும் நிமிர்த்தினாலும் அது டிக்கியில்தான் கிடக்கும். ஹேட்ச்பேக்கின் பார்சல் ட்ரேயில் 6 பெருக்கல் 9 ஓவல் ஸ்பீக்கர் வைத்தால் ட்ரேயைத் தூக்கிப் பெரிய சாமான் ஏற்ற முடியாது. திடீர் பிரேக்கில் அந்தக் கனமான பலகை பின்சீட்டில் இருப்பவர் தலைக்கு வரும் ஆபத்தும் உண்டு. இரண்டையும் தவிர்க்கலாம்.

எதை எடுத்தாலும்

பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். பவர் வயர் முழுச் செம்பாக இருக்கட்டும். செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியம் வேண்டாம். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முடுக்கச் சொல்லுங்கள். வாரன்டி முடியாத வண்டியில் வயரை வெட்ட விடாமல் கப்ளர் வழியாகவே இணைக்கச் சொல்லுங்கள். சப்ஊஃபர் வந்ததும் கதவு ஸ்பீக்கர்களை 80 ஹெர்ட்ஸில் வெட்டிவிடுங்கள். பாடகர் குரல் அப்போதே தெளியும்.

முடிவு

பணம் குறைவென்றால் கதவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எர்டிகா, இன்னோவா, சிஎன்ஜி வண்டி என்றால் கதவும் சீட்டடியும். டிக்கிக்குள் ஸ்டெப்னி உள்ள வண்டியில் ஆழமான பேஸ் கேட்பவருக்கு ஸ்டெப்னி வகை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ உங்கள் ஊர்க் கடையிலோ டெமோ கேட்கப் போகும்போது, நீங்கள் தினமும் கேட்கும் பாட்டை எடுத்துப் போங்கள். டேப்பும் கையில் இருக்கட்டும்.