நலமுடையோர் அளித்த சான்று

அமெரிக்க ஐக்கிய நாட்டின் குடியரசுத் தலைவராய் விளங்கிய பிராங்கிளின் ரூஸ்வெல்ட் 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் திடீரென உயிர் துறந்தார். மூளையில் ஏற்பட்ட இரத்தப் பெருக்கே அவர் இறப்பிற்குக் காரணம். நாட்டு மக்கள் திகைப்புற்றனர். தலைவர் நல்ல உடல்நலத்துடன் இருக்கின்றார் என்றே அவருடைய தனி மருத்துவர் அறிவித்து வந்திருந்தார். ஆயினும், ஓராண்டுக்கு முன்னர் 1944 மார்ச்சுத் திங்களில் ஹோவர்ட் புரூயென் என்னும் இதய மருத்துவர் அவரைச் சோதித்தபொழுது, இரத்த அழுத்தம் 186-க்கு 108 என்று இருந்தது. யால்டா மாநாட்டின்பொழுது அது 260-க்கு 150 ஆக உயர்ந்தது. இறந்த நாளிலோ 300-க்கு 190. உடல்நலமுடைய ஒருவருக்கு 120-க்கு 80 என்பது இயல்பான அளவாகும்.

இதற்கு மருத்துவர்களை மட்டும் குறை கூறுதல் முறையன்று. அக்காலத்து மருத்துவ அறிவின் எல்லை அவ்வளவே. அகவை முதிர முதிர இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. இறுகிய குழாய்களின் வழியே குருதியைச் செலுத்த மிகுந்த அழுத்தம் வேண்டும். எனவே அதனைக் குறைக்க முயல்வது தீங்காய் முடியும் என்று தேர்ந்த மருத்துவர் பலரும் நம்பினர். மாரடைப்போ முதுமையுடன் வருவது, தடுக்கவொண்ணாதது என்று கருதப்பட்டது. அந்நாளில் அமெரிக்காவில் நிகழ்ந்த இறப்புகளுள் ஏறத்தாழப் பாதி, இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் பற்றிய நோய்களால் நிகழ்ந்தவை. பாதி மக்களைக் கொள்ளை கொள்ளும் ஒரு நோயின் காரணம் எவருக்கும் தெரியவில்லை!

1948-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் இதய நோய் ஆராய்ச்சிக்கான சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன்வழித் தேசிய இதய நிலையம் தோன்றியது. ஆராய்ச்சியை எங்ஙனம் தொடங்குவது? அதுவரை மருத்துவர்கள் மருத்துவமனைக்கு வந்த நோயாளரையும், இறந்தோர் உடலையும் ஆராய்ந்தே நோயை அறிந்தனர். வீடு எரிந்த பின்னர்ச் சாம்பலைக் கிளறித் தீப்பற்றிய வகையை அறிய முயல்வதை ஒத்தது அது. இம்முறை வேறொரு வழி வகுக்கப்பட்டது. நோயில்லாத மக்களைத் தேர்ந்தெடுத்து, அவர்தம் உடல்நிலையையும் பழக்கவழக்கங்களையும் அளந்து குறித்துக்கொண்டு, பின்னர் யாருக்கு நோய் வருகின்றது, யாருக்கு வரவில்லை என்று இருபது ஆண்டுகள் காத்திருந்து காண்பதே அவ்வழி.

இப்பணிக்கு மாசாசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் மாநகருக்கு மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிரேமிங்காம் என்னும் ஊர் தெரிந்தெடுக்கப்பட்டது. அதன் மக்கள் தொகை அப்பொழுது ஏறக்குறைய 28,000. அவ்வூரார்க்கு இத்தகைய ஆய்வு புதிதன்று. 1917-இல் தொடங்கிய காசநோய் ஒழிப்பு முயற்சிக்கும் அவர்களே துணை நின்றவர்கள். கில்சின் மெடோர்ஸ் என்னும் இளம் மருத்துவ அலுவலர் ஊர்ப் பெருமக்களைக் கண்டு பேசி ஆதரவு திரட்டினார்.

தாமாக முன்வந்தோரை மட்டும் கொண்டு ஆய்வை நடத்தியிருத்தல் எளிது. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. தாமே வருவோர் தம் உடல்நலத்தில் பெரிதும் கருத்துடையோராய் இருப்பர். அல்லது ஏற்கெனவே ஏதோ ஒரு துன்பத்தால் அஞ்சியவராய் இருப்பர். இவ்விருவரும் ஊர் முழுவதற்கும் சான்றாகார். ஆகவே ஊரார் பட்டியலிலிருந்து முறைப்படி 6,507 பேர் பொறுக்கி எடுக்கப்பட்டனர். அவர்களுள் 4,469 பேர் இசைந்தனர். தாமாக வந்த 740 பேரையும் சேர்த்து 5,209 பேர் ஆயினர். இவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். இதய நோயை ஆண்களின் நோயென்றே பலரும் எண்ணிய காலம் அது. பெண்களையும் சேர்த்த முடிவு எத்துணைச் சிறந்தது என்பது பின்னரே விளங்கிற்று.

இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் ஆய்வுக்கூடத்திற்கு வந்தனர். எடை, உயரம், இரத்த அழுத்தம் ஆகியன அளக்கப்பட்டன. குருதியும் சிறுநீரும் சோதிக்கப்பட்டன. இதயத்தின் மின்னோட்டம் வரையப்பட்டது. புகை பிடிப்பது உண்டா, எவ்வளவு என்றும் கேட்கப்பட்டது. அங்கு எவருக்கும் மருந்து தரப்படவில்லை. கண்ட முடிவுகள் அவரவர் குடும்ப மருத்துவருக்கு எழுதி அனுப்பப்பட்டன, அவ்வளவே. தமக்குப் பயன் கிட்டுமோ கிட்டாதோ என்று அறியாமலே, உழைக்கும் நாளில் அரை நாளை ஈந்து, நோயற்ற மக்கள் மருத்துவர் முன் மீண்டும் மீண்டும் வந்தமர்ந்தது எளிய செயலன்று.

பல்லாண்டுகள் இப்பணியை நடத்திய தாமஸ் டாபர் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1957-இல் முதல் முடிவுகளை வெளியிட்டனர். இரத்த அழுத்தம் மிக்கவர்களுக்கும், குருதியில் கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருள் மிக்கவர்களுக்கும் மாரடைப்பு மிகுதியாக வந்தமை தெரிந்தது. 1961-இல் வில்லியம் கன்னல் முதலியோர் எழுதிய கட்டுரையில் 'அபாயக் காரணிகள்' என்னும் கருத்து இடம் பெற்றது. இன்று மருத்துவர் ஒவ்வொருவர் நாவிலும் வழங்கும் சொல் அது. புகை பிடித்தலின் தீமையும் அப்பத்தாண்டிலேயே உறுதிப்பட்டது.

நீரிழிவைப் பற்றிய கண்டுபிடிப்பு இன்னும் ஆழ்ந்தது. உடலில் நாளமில்லாச் சுரப்பிகள் எனச் சில உண்டு. அவை தாம் சுரக்கும் ஹார்மோன்களைக் குழாய் எதுவுமின்றி நேரே குருதியில் கலந்துவிடுகின்றன. கணையத்தின் ஒரு பகுதி சுரக்கும் இன்சுலின் அவற்றுள் ஒன்று. உணவிலிருந்து கிடைக்கும் சர்க்கரையை உடலின் உயிரணுக்கள் ஏற்றுக்கொள்ளச் செய்வது அது. இன்சுலின் குறைந்தாலும், உடல் அதற்குச் செவ்வனே இணங்காவிடினும் சர்க்கரை குருதியிலேயே தேங்குகின்றது. இதுவே நீரிழிவு. 1921-இல் கனடா நாட்டு டொரான்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதல் செலுத்தப்பட்டது. அதற்கு முன்னர், இன்சுலின் சுரப்பு அற்றுப்போன சிறுவர் சிறுமியர் நெடுநாள் உயிர் வாழ்ந்ததில்லை. இன்சுலின் அவர்களை வாழ வைத்தது. வாழ்நாள் நீண்ட பின்னரே, அதுவரை மறைந்திருந்த மற்றோர் இடர் வெளிப்பட்டது. நெடுங்காலம் மிகுந்து நிற்கும் சர்க்கரை இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பழுதாக்குகின்றது. குருதியிலுள்ள கொழுப்புப் பொருள்களின் அளவும் கெடுகின்றது. பழுதுற்ற சுவரில் கொழுப்புப் படிந்து குழாய் குறுகுகின்றது.

இவ்விடர் எத்துணைப் பெரிதென்பதைப் பிரேமிங்காம் ஏடுகள் எண்ணால் காட்டின. இருபதாண்டுக் குறிப்புகளைத் தொகுத்து 1979-இல் வெளியான ஆய்வின்படி, நீரிழிவுடைய ஆண்களுக்கு இதய, இரத்தக்குழாய் நோய்கள் மற்றவரினும் ஏறத்தாழ இரு மடங்கும், பெண்களுக்கு மூன்று மடங்கும் வந்தன. பொதுவாகப் பெண்களுக்கு இந்நோய்கள் ஆண்களைவிடக் காலந்தாழ்ந்தே வரும். நீரிழிவு வந்துற்றாலோ அந்தக் காப்பு பெரும்பாலும் அழிந்துபோகின்றது. ஆண்களை மட்டும் ஆராய்ந்திருந்தால் இவ்வுண்மை புலப்பட்டிருக்குமா?

வியப்புக்குரிய பிறிதொன்றும் வெளிவந்தது. மாரடைப்புகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை, வந்தவரே அறியாமல் வந்து சென்றவை. இரண்டாண்டுச் சோதனையில் வரைந்த மின்னோட்டப் படமே அவற்றைக் காட்டிக் கொடுத்தது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்கும் இதயத்திற்கும் உள்ள தொடர்பும் இங்கு ஆராயப்பட்டது. தைராய்டு ஹார்மோன் உடலில் மிகுந்திருப்பதற்கு அறிகுறி குருதியில் காணப்பட்ட முதியோர்க்கு, பத்தாண்டுக்குள் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் நோய் மும்மடங்கு மிகுதியாக வந்தமை 1994-இல் தெரிவிக்கப்பட்டது.

எனினும், ஒன்று மிகுந்திருப்பவர்க்கு நோய் வருகின்றது என்பதனால், அதைக் குறைத்தால் நோய் குறையும் என்று முடிவு கட்டிவிட இயலாது. கண்டறிதல் வேறு, செய்து காண்டல் வேறு. இரண்டாவது பணியை வேறு ஆய்வாளர்கள் மேற்கொண்டனர். அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் இரத்த அழுத்தம் மிக்க 143 ஆடவரை இரு குழுவாக்கி, ஒரு குழுவினர்க்கு மருந்தும் மற்றையோர்க்கு மருந்தைப் போன்ற வெறும் மாத்திரையும் தந்தனர். மருந்துண்டவரிடையே பெருங்கேடுகள் மிகச் சிலவே நேர்ந்தன. மற்றவர் பலர் துன்புற்றனர். 1967-இல் இம்முடிவு வெளியாயிற்று. நீரிழிவுடன் இரத்த அழுத்தமும் உடைய 1,148 பேரைப் பிரிட்டன் நாட்டு மருத்துவர் ஆராய்ந்தனர். அழுத்தத்தை நன்கு கட்டுப்படுத்திய குழுவினர்க்குப் பக்கவாதம் 44 விழுக்காடு குறைந்ததை 1998-இல் அறிவித்தனர்.

இருபது ஆண்டுகள் முடிந்ததும் பிரேமிங்காம் ஆய்வை நிறுத்திவிட அரசு எண்ணியது. பணம் போதாது என்றனர். தாமஸ் டாபர் தனியாரிடம் நன்கொடை திரட்டினார். பின்னர்ப் பாஸ்டன் பல்கலைக்கழகமும் துணை நின்றது. நல்வாய்ப்பாக ஆய்வு பிழைத்தது. 1979-ஆம் ஆண்டு முடிவும், அதன் பின் வந்தவையும் இந்த முயற்சியால் கிடைத்தவை என்பதை மறத்தலாகாது.

ஆய்வில் குறைபாடு இல்லாமலில்லை. தொடக்கத்தில் சேர்ந்தோர் ஏறக்குறைய அனைவரும் ஐரோப்பிய வழியினர். அவர்களைக் கொண்டு கணித்த அபாய அளவு பிற மக்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை. இந்தியர்க்கோ, ஐரோப்பியரைவிடக் குறைந்த உடல் எடையிலும் இளைய அகவையிலும் நீரிழிவு தோன்றுகின்றது. இக்குறையை ஓரளவு நீக்க, 1994-இல் அவ்வூரில் வாழ்ந்த ஆப்பிரிக்க, ஆசிய, இந்திய வழியினர் முதலியோரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

இதற்கு முன்னரே, 1971-இல், முதலில் சேர்ந்தோரின் மக்களும் அம்மக்களை மணந்தோருமாக 5,124 பேர் ஆய்வில் இணைந்திருந்தனர். 2002-ஆம் ஆண்டு மூன்றாம் தலைமுறையினரை அழைத்தபொழுது 4,095 பேர் சேர்ந்தனர். ட்ரூமன் காலத்தில் தம் பாட்டனும் பாட்டியும் கைநீட்டி அளக்கக் கொடுத்ததைப் போலவே, பேரப்பிள்ளைகளும் தம் கைகளை நீட்டினர்.