நம்பிக்கை மையத்துக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில், ஆலோசகர் வேலையில் சேர்ந்துவிட்டாய் என்று அறிந்து மகிழ்ச்சி. திருநங்கையர் வந்தால் எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தாய். பயிற்சியில் சொன்னது ஒருபக்கம் இருக்கட்டும், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

2021-ஆம் ஆண்டுக் கண்காணிப்பில் இந்தியத் திருநங்கையரிடம் எச்.ஐ.வி. தொற்று ஏறத்தாழ 3.8 விழுக்காடு. நாட்டின் வயதுவந்தோர் மொத்தத்தில் அது 0.2 விழுக்காடு அளவுதான். இதைக் காட்டி 'இவங்கதான் பரப்புறாங்க' என்று சொல்பவர்கள் உன் ஆஸ்பத்திரியிலேயே இருப்பார்கள், வெள்ளைக் கோட்டு போட்டவர்களும் உட்பட. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு நாட்டின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தபோது பாலியல் தொழிலாளர்கள்மேல் விழுந்த அதே பழிதான் இது.

எண் உண்மைதான், ஆனால் அதற்கான காரணத்தை அவர்கள் உடம்பில் தேடாதே. பள்ளிக்கூட வயதில் வீட்டைவிட்டு விரட்டப்பட்ட பிள்ளைக்குப் படிப்பு போயிற்று. வேலை தர ஆளில்லை. இரண்டு மடங்கு வாடகை கொடுத்தாலும் வீடு கிடைப்பது பாடு. மிஞ்சுவது கடை கடையாகக் காசு கேட்பதும் பாலியல் தொழிலும். 'ஆணுறை வேண்டாம், கூடப் பணம் தர்றேன்' என்பவனிடம், வாடகை பாக்கி வைத்திருப்பவள் எதை வைத்துப் பேரம் பேசுவாள்? போலீஸ் வந்துவிடுமோ என்று இருட்டில் அவசரப்படுகிறவளுக்குப் பையிலிருந்து உறையை எடுக்கவே நேரமிருக்காது. ஆகவே அவளிடம் ஆணுறைப் பாடம் நடத்தாதே. அது உன்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். எந்த இடத்தில், யாரிடம் முடியாமல் போகிறது என்று கேள்.

அப்படிக் கேட்டால் பெரும்பாலும் ஒரு 'வீட்டுக்காரர்' வெளியே வருவார். வாடிக்கையாளர்களிடம் கறாராக இருப்பவள்கூட இவரிடம் மட்டும் உறை வேண்டாம் என்று விட்டிருப்பாள். ஊர் முழுக்க அவளைக் கேலி செய்ய, இந்த ஒரு ஆள்தான் அவளைப் பெண்டாட்டி என்று சொல்கிறான். அவனிடம் உறையை நீட்டினால், உன்மேல் எனக்குச் சந்தேகம் என்று சொன்னதுபோல் ஆகிவிடும். அவனுக்கு ஊரில் தாலி கட்டிய மனைவியும் இருக்கலாம். அறிவுகெட்டதனம் என்று நீ நினைத்தால் முகத்தில் தெரிந்துவிடும், பேச்சு அதோடு முடியும். இருவரும் சேர்ந்து பரிசோதனைக்கு வரமுடியுமா என்று பார். ஒருவருக்குத் தொற்று இருந்து, மாத்திரையை விடாமல் போட்டு, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகப் பரவாது. இந்தச் செய்தி எத்தனையோ பேரைச் சென்றடையவே இல்லை.

ஓ.பி. சீட்டில் பழைய ஆண் பெயர் இருக்கும். சேலை கட்டி வந்தவளை வராந்தாவில் அத்தனை பேர் முன் அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவள் வாசலைப் பார்த்து நடந்துவிடுவாள், பிறகு வரமாட்டாள். டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடு. உள்ளே வந்ததும் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவளையே கேட்டுக்கொள். ஆபரேஷன் ஆயிற்றா என்ற கேள்வியை, சிகிச்சைக்குத் தேவைப்பட்டால் ஒழிய, கேட்காதே. அது பெரும்பாலும் நம் ஆவல்தான்.

ரகசியம் காக்கவேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் உனக்கு வரப்போகும் சிக்கல் வேறு. திருநங்கைக்கு வீடு என்பது, குருவை அம்மாவாக ஏற்று மகள்களாகச் சேர்ந்து வாழும் ஜமாத்தான். அங்கே விஷயம் தெரிந்துவிட்டால் அந்த வீடும் கையைவிட்டுப் போகும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. எல்லா குருவும் அப்படியில்லை. மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மருந்து வாங்கித்தரும் அம்மாக்களையும் பார்ப்பாய். எதுவானாலும், கூட வந்தவர் முன் முடிவைச் சொல்லாதே. எந்த நம்பருக்கு, எந்த நேரத்தில், என்ன சொல்லிப் போன் செய்யலாம் என்று முதல் நாளே கேட்டு வை.

இன்னொன்று, பயிற்சியில் அநேகமாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். உடம்பில் பெண்மை வர மெடிக்கல் ஷாப்பில் தாங்களாகவே ஹார்மோனோ கருத்தடை மாத்திரையோ வாங்கிச் சாப்பிடுபவர்கள் நிறைய. எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை போட்டால் பெண்மை குறைந்துவிடும் என்று பயந்து மருந்தை நிறுத்துவார்கள். அந்தப் பயம் முழுக்கப் பொய்யல்ல. பழைய ஏ.ஆர்.டி. மருந்தான எஃபாவிரென்ஸ், ஈஸ்ட்ரோஜன் அளவைக் குறைக்கக்கூடியது. இப்போது பரவலாகத் தரும் டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரையில் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. அவளாகச் சொல்லமாட்டாள், நீதான் கேட்கவேண்டும். கேட்டுவிட்டு ஏ.ஆர்.டி. மைய மருத்துவரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லவை.

சித்திரையில் கூவாகம் திருவிழாவுக்கும், மற்ற மாதங்களில் மும்பைக்கும் கிளம்புகிறவர்கள் நடுவழியில் மருந்து தீர்ந்து நிற்பார்கள். கிளம்புமுன் கூடுதல் மாதத்துக்கு வாங்கிக்கொள்ளவோ, போகும் ஊர் மையத்துக்கு மாற்றல் எழுதிக்கொள்ளவோ சொல். உன் பகுதியில் சக கல்வியாளராக வேலை செய்யும் திருநங்கையர் இருந்தால் இந்த வாரமே போய்ப் பார். யார் எங்கே போகிறார்கள் என்பது உன் ரெஜிஸ்டரைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
அக்கா