கேமராவுக்கு 777 தீர்வல்ல

லினக்ஸ் கணினியில் வெப்கேமைச் செருகியதும் ‘டெவ்’ அடைவில் ‘வீடியோ0’ என்ற சாதனக் கோப்பு உருவாகிறது. அதைத் திறக்கும்போது ‘பர்மிஷன் டினைடு’ என்று வந்தால், பலரும் கிடைத்த கட்டளையை யோசிக்காமல் ஓட்டிவிடுகிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் கேமரா விஷயத்தில் இந்த அவசரம் ஆபத்து.

நம்பிக்கை: எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் ‘சிஎச்மாட் 777’ போட்டால் சிக்கல் தீர்ந்தது.

உண்மை: தற்காலிகமாகத்தான் தீரும். ‘டெவ்’ அடைவு நினைவகத்தில் இருப்பது. கேமராவைக் கழற்றி மாட்டினாலோ கணினியை மறுபடி இயக்கினாலோ கோப்பு புதிதாக உருவாகும்; சாதனக் கோப்புகளை நிர்வகிக்கும் ‘யூடெவ்’ தன் விதிப்படியே அனுமதி வைக்கும். அதுவரை அந்தக் கணினியில் கணக்குள்ள எவரும், பின்னணியில் ஓடும் எந்தச் சேவையும் உங்கள் கேமராவைத் திறக்கலாம்.

நம்பிக்கை: வீடியோ குழுவில் சேராமல் கேமரா இயங்காது.

உண்மை: கோப்பின் உரிமையாளர் ரூட், குழு வீடியோ, அனுமதி 660 (இவ்விருவர் மட்டுமே படிக்கலாம், எழுதலாம்) என்பதே வழக்கமான அமைப்பு. ஆனால் சிஸ்டம்டி உள்ள கணினிகளில், திரைக்கு முன் அமர்ந்து உள்நுழைந்தவருக்கு அதன் உள்நுழைவுச் சேவையான ‘லாகின்டி’ தனி அனுமதி தருகிறது. ‘எல்எஸ் -எல்’ காட்டும் அனுமதி எழுத்துகளின் முடிவில் + குறி இருந்தால் தனி அனுமதி உண்டு என்று பொருள்; அது யாருக்கு என்பதை ‘கெட்ஃபேக்ல்’ சொல்லும். எஸ்எஸ்எச் வழியாக வருபவருக்கும் பின்னணிச் சேவைகளுக்கும் அந்தச் சலுகை இல்லை. அவர்களுக்குத்தான் குழு தேவை.

நம்பிக்கை: ‘யூசர்மாட்’ கட்டளையில் பெரிய ‘ஜி’ போட்டாலே போதும்.

உண்மை: அதனுடன் சிறிய ‘ஏ’ சேர்க்காவிட்டால் ஏற்கெனவே இருந்த துணைக் குழுக்களிலிருந்து நீங்கள் நீக்கப்படுவீர்கள். நிர்வாகி உரிமை தரும் சூடோ குழுவும் கைவிட்டுப் போகலாம். சரியாகச் சேர்த்த பிறகும், வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால்தான் புதிய குழு செல்லுபடியாகும்.

நம்பிக்கை: படம் வரவில்லையா, அனுமதிதான் காரணம்.

உண்மை: ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’ என்று வந்தால் கேமராவை வேறொரு நிரல் பிடித்து வைத்திருக்கிறது, எது என்று ‘ஃப்யூசர்’ காட்டும். புதிய கெர்னல்களில் ஒரே வெப்கேமுக்கு ‘வீடியோ0’, ‘வீடியோ1’ என இரண்டு கோப்புகள் வருவதும் உண்டு. அவற்றில் ஒன்று மெட்டாடேட்டாவுக்கு மட்டும். அதில் எந்த அனுமதி கொடுத்தாலும் படம் வராது.

அனுமதியில் கைவைக்கும் முன் ‘எல்எஸ் -எல்’, ‘கெட்ஃபேக்ல்’, நீங்கள் உள்ள குழுக்களைக் காட்டும் ‘ஐடி’ மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். யாருக்குத் தேவையோ அவரை மட்டும் குழுவில் சேருங்கள். நிரந்தர மாற்றம் வேண்டுமானால் யூடெவ் விதி எழுதுங்கள். 777 எந்தச் சூழலிலும் வேண்டாம்.