உழைப்பவர் கையில் கேமரா

கேள்வி: ஒரகடத்தில் ஆலை வேலை. பத்திரிகைப் படம் எடுக்க ஆசை. யாரைப் பார்த்துக் கற்கலாம்?
– வாசகர், வல்லம்

பதில்: எம். பழனி குமாரின் படங்களைப் பாருங்கள். மதுரை ஜவஹர்லால்புரத்துக்காரர், மீன் விற்ற தாயின் மகன், பொறியியல் படித்தவர். மலக்குழி அவலத்தைக் காட்டிய ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். பிறகு ‘பாரி’ இணைய இதழுக்காகக் கடற்பாசி எடுக்கும் பெண்களோடு கடலுக்கே போனார். 2022-இல் முதலாவது தயாநிதா சிங்–பாரி விருது பெற்றார். விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மீனவப் பெண்களுக்கும் அவர் கேமரா சொல்லிக் கொடுப்பதுதான். தன் தெருவைத் தானே படமெடுப்பவருக்குத் தெரிவது, வெளியாளுக்கு எளிதில் தெரியாது.

ஆலைக்குள் கேமராவுக்கு அனுமதி கிடைப்பது அரிது. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கும் உங்கள் தோழர்களிடம் கேட்டுவிட்டு, அங்கே தொடங்குங்கள். செல்போனே போதும்.