'டக் டக்' சத்தம் மட்டும் வந்தால்...

மழைக்காலம் வந்ததும் என் காரில் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' சத்தம்தான் வருகிறது. மெக்கானிக் பேட்டரியையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகி, செம்பூர்

அவசரப்படாதீர்கள், அம்மா. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் பிடிப்பு இல்லை. மங்காவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருக்கிறதா? மும்பையின் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் அது சீக்கிரமே படியும். கையுறை போட்டுக்கொண்டு முதலில் மைனஸ், பிறகு பிளஸ் என்று கழற்றுங்கள். சமையல் சோடா கலந்த வெந்நீரைப் பழைய டூத்பிரஷில் தொட்டுத் தேய்த்து, நன்றாக உலர்த்துங்கள். பிளஸை முதலில் மாட்டி இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். பலருக்கு இதிலேயே வண்டி கிளம்பிவிடும்.

அப்படியும் கிளம்பாவிட்டால் மல்டிமீட்டர் வையுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டும். சார்ஜ் ஏற்றிக் கிளப்பிய பிறகு, இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி வராவிட்டால் கோளாறு ஆல்டர்னேட்டரில். புது பேட்டரியும் இறங்கிவிடும்.

மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு நெரிசலில் ஏசி போட்டுப் போய்வரும் ஓட்டம் பேட்டரிக்குப் போதாது. வாரம் ஒருமுறை ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் அரைமணி நேரம் ஓட்டுங்கள். முழு சார்ஜ் ஏற்றியும் மறுநாளே இறங்கினால், அப்போது கடையில் கொடுத்து லோடு டெஸ்ட் செய்துவிட்டு மாற்றுங்கள்.