காவற்காரனுக்குக் கூலி கொடுப்பவர் யார்?

2007ஆம் ஆண்டு படுவான்கரையை விட்டு இடம்பெயர்ந்தபோது, நம்மில் பலர் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டே வாவியைக் கடந்தோம். மாடு போனது, நெல் போனது. அந்தப் பையை மட்டும் கைவிடவில்லை. இன்று அந்தப் பையின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. உறுதியின் படமும் வங்கிக் கணக்கும் வெளிநாட்டுக்குப் போன மகளின் குரலும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. ஆகவே அதற்குக் காவல் தேவை. எந்தக் காவலை நம்பலாம் என்பதே இப்பாடத்தின் கேள்வி.

ஓர் அனுபவம்

கொக்கட்டிச்சோலைப் பகுதியில் நடந்த கூட்டமொன்றில் விவசாயி ஒருவர் தமக்கு நேர்ந்ததைச் சொன்னார். வயலில் அறக்கொட்டி விழுந்துவிட்டது. என்ன மருந்து அடிக்கலாம் என்று போனில் தேடினார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே திரை முழுவதும் சிவப்பாகி, "உங்கள் போனில் ஐந்து வைரஸ்கள், உடனே அழுத்துங்கள்" என்று வந்தது. அழுத்தினார். விளம்பரங்களையும் வைரசையும் தடுக்கும் செயலி என்று ஒன்று இறங்கியது. மறுநாள் முதல் முன்னிலும் அதிக விளம்பரம். போட்ட ரீலோட் காசும் சொல்லாமல் கொள்ளாமல் குறைந்தது. "விளம்பரத்தை நிறுத்தத்தானே பாதர் அதைப் போட்டேன், அதுவே விளம்பரமாகக் கொட்டுது" என்றார். கூட்டத்தில் இன்னும் சிலர் தலையசைத்தார்கள்.

அவர் படிப்பறிவில்லாதவர் அல்லர். வேலி என்று சொல்லி விற்றதை வேலி என்று நம்பினார், அவ்வளவுதான்.

விளம்பரத் தடுப்பான் எப்படி வேலை செய்கிறது?

நாம் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது அது ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. செய்தி ஓரிடத்திலிருந்தும், விளம்பரம் வேறு பல இடங்களிலிருந்தும் வந்து நம் திரையில் ஒன்றுசேர்கின்றன. நாம் எதைப் பார்க்கிறோம் என்று குறித்துக்கொள்ளும் ஒற்றர்களும் அவற்றோடு கூடவே வருகிறார்கள். அவை எல்லாவற்றுக்கும் டேட்டா காசு கட்டுவது நாம்தான்.

விளம்பரத் தடுப்பான் ஒரு பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு படலையடியில் நிற்கும் காவற்காரனைப் போன்றது. பட்டியலில் உள்ள விளம்பர முகவரிகளை உள்ளே விடாது. இதனால் டேட்டா மிஞ்சும், பக்கம் விரைவாகத் திறக்கும், ஏமாற்று விளம்பரங்களும் குறையும். நம்பிக்கையான நிறுவனங்களின் பெயரில் மோசடிக்காரர் விளம்பரம் போடுகிறார்கள் என்று அமெரிக்காவின் எப்.பி.ஐ. 2022 டிசெம்பரில் மக்களை எச்சரித்தபோது, தடுப்பானைப் பயன்படுத்தும்படியும் ஆலோசனை கூறியது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வேலையைச் செய்வதற்கு, நாம் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் வாசிக்கவும் மாற்றவும் தடுப்பானுக்கு அனுமதி கொடுக்கிறோம். வங்கிப் பக்கமும் அதில் அடங்கும். வட்டைக் காவலுக்கு ஆள் வைக்கும்போது பரணையும் கொடுத்து, களத்து நெல்லையும் காட்டிவிடுகிறோம் அல்லவா? அவன் நல்லவனாக இருந்தால் யானையும் பன்றியும் வராது. கெட்டவனாக இருந்தால் யானையே மேல்.

மூன்று வகை ஏமாற்று

முதலாவது, பெயரைத் திருடுவது. 2017 ஒக்ரோபரில், அட்பிளொக் பிளஸ் என்ற பிரபலமான தடுப்பானின் பெயரிலேயே ஒரு போலி கூகுளின் குரோம் கடையில் இருந்தது. அகற்றப்படுவதற்குள் 37,000 பேர் அதை இறக்கியிருந்தார்கள். 2018 ஏப்ரலில் அட்கார்ட் என்ற நிறுவனம் இப்படிப்பட்ட ஐந்து போலிகளைக் கண்டுபிடித்தது. அவற்றைப் போட்டிருந்தவர்கள் மொத்தமாக 2 கோடிக்கு மேல். 2019இல் அகப்பட்ட இரண்டு இன்னும் தந்திரமானவை. அவை உண்மையாகவே விளம்பரங்களைத் தடுத்தன. ஆனால் போட்டு ஏறக்குறைய 55 மணித்தியாலம் சென்றபின், இணையக் கடைகளில் மக்கள் வாங்கும் பொருட்களுக்குத் தாமே ஆள் பிடித்துக் கொடுத்ததாகப் பொய்க் குறியிட்டுத் தரகுக் காசு எடுத்தன. கூகுள் கடையில் இருந்தது என்பது மட்டும் சான்றிதழ் ஆகாது என்பதை இவற்றிலிருந்து அறிகிறோம்.

இரண்டாவது, கைமாறுவது. நானோ அட்பிளொக்கர் என்பது பலர் நம்பிய ஒரு நல்ல தடுப்பான். 2020 ஒக்ரோபரில் அதை உருவாக்கியவர் வேறு ஆட்களுக்கு விற்றுவிட்டார். வாங்கியவர்கள் சில நாட்களுக்குள்ளேயே, பயன்படுத்துவோரின் விபரங்களை எடுத்து அனுப்பும் நிரலை அதற்குள் புகுத்தினார்கள். பெயர் மாறவில்லை, படம் மாறவில்லை, காவற்காரன் மட்டும் மாறிவிட்டான்.

மூன்றாவதை ஏமாற்று என்று சொல்வது முழு நியாயம் ஆகாது; ஆனால் தெரிந்திருக்க வேண்டும். அட்பிளொக் பிளஸ் 2011 முதல், தொந்தரவில்லாத விளம்பரம் என்று தான் ஏற்றுக்கொள்பவற்றை உள்ளே விடுகிறது. பெரிய விளம்பர நிறுவனங்களிடம் அதற்குக் கட்டணமும் பெறுகிறது. இதை அவர்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். விரும்பினால் நாம் அந்த ஏற்பாட்டை நிறுத்தவும் முடியும். என்றாலும், யாரைத் தடுக்க வைத்தோமோ அவரிடமே காவற்காரன் கூலி வாங்குகிறான் என்பதை அறிந்துகொண்டே அவனை வைப்பது நல்லது.

தெரிவு செய்யுமுன் ஐந்து கேள்விகள்

1. நாம் தேடிப் போனோமா, அது நம்மைத் தேடி வந்ததா? விளம்பரமாக வந்த தடுப்பானை ஒருபோதும் போட வேண்டாம்.

2. உருவாக்கியவர் பெயர் என்ன? விதைநெல் வாங்கும்போது மூடையில் உள்ள சீட்டைப் பார்க்கிறோம். அதுபோலச் செயலியின் பெயருக்குக் கீழே உள்ள பெயரையும் பார்க்க வேண்டும்.

3. அவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது? இதற்குத் தெளிவான பதில் இல்லாவிட்டால், நம் விபரங்களே விலையாக இருக்கக்கூடும்.

4. அதன் நிரல் எல்லோரும் வாசிக்கக்கூடியதாக வெளியிடப்பட்டுள்ளதா? நமக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் தெரிந்தவர்கள் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது ஒரு பாதுகாப்பு.

5. வேலைக்குத் தேவையற்ற அனுமதி கேட்கிறதா? விளம்பரத்தைத் தடுக்கத் தொலைபேசி இலக்கங்களும் எஸ்.எம்.எஸ்ஸும் எதற்கு? கேட்டால் உடனே அகற்றிவிடுங்கள்.

எதைப் போடலாம்?

இக்கேள்விகளுக்கு நன்றாக விடை சொல்லும் ஒன்று யூபிளொக் ஒரிஜின். இதைக் கனடாவைச் சேர்ந்த றேமண்ட் ஹில் என்பவர் எழுதி வருகிறார். நிரல் திறந்தது, விலை இல்லை, அவர் நன்கொடையும் ஏற்பதில்லை. பெயரில் கவனம் தேவை. "யூபிளொக்" என்று மட்டும் பெயர் கொண்டது வேறு. அதுவும் முதலில் அவர் தொடங்கியதே. 2015இல் வேறொருவர் பொறுப்புக்குப் போய், 2018இல் இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாறியது. "ஒரிஜின்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கைத்தொலைபேசியில் உள்ள குரோமில் இதைச் சேர்க்க வழியில்லை. ஆகவே அன்ட்ரொயிட் போன் வைத்திருப்பவர்கள் பிளே ஸ்டோரில் பயர்பொக்ஸ் என்று தேடி, கீழே மொசில்லா என்ற பெயர் இருப்பதைப் பார்த்து இறக்க வேண்டும். பிறகு அதைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி, எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற இடத்தில் யூபிளொக் ஒரிஜினைத் தெரிவு செய்து, றேமண்ட் ஹில் என்ற பெயரைச் சரிபார்த்துச் சேர்க்கலாம். கணினியில் குரோம் பயன்படுத்தும் பிள்ளைகளுக்கு அதே ஆசிரியரின் யூபிளொக் ஒரிஜின் லைட் இருக்கிறது. 2025இல் குரோம் பழைய வகை நீட்சிகளை நிறுத்தியபின் அதில் லைட்டே வேலை செய்கிறது.

வேலிக்கும் எல்லை உண்டு

தடுப்பான் பயர்பொக்சுக்குள் மட்டுமே காவல் செய்யும். பேஸ்புக் செயலிக்குள் வரும் விளம்பரத்தையோ வட்ஸ்அப்பில் உறவினர் அனுப்பும் பொய்த் தொடர்பையோ அது தடுக்காது. உரமானியம், அஸ்வெசும என்று எந்தப் பெயரைச் சொல்லி வந்தாலும், அழுத்துமுன் கமநல சேவை நிலையத்திலோ பிரதேச செயலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். வங்கி அனுப்பும் இரகசிய இலக்கத்தை எவருக்கும் சொல்ல வேண்டாம். புதிய பக்கமொன்று அறிவித்தல் அனுப்ப அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் நீதியோடு சிந்திக்க வேண்டியது. விளம்பர வருமானத்தில் நேர்மையாக நடக்கும் செய்தித்தளங்களும் உண்டு. நாம் மதிக்கும் தளம் ஒன்றுக்கு மட்டும் தடுப்பானை நிறுத்திவைக்கலாம். அந்த முடிவு நம் கையில் இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

ஓநாய் வரும்போது மந்தையை விட்டு ஓடுகிற கூலியாளைப் பற்றி யோவான் நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறார். நாம் கண்ட காவற்காரரில் சிலர் ஓடவில்லை. ஓநாயிடமே சம்பளம் வாங்கினார்கள். எல்லாவற்றையும் ஒருமுறை இழந்து, மீண்டும் வரம்பு கட்டி எழுந்த மக்கள் நாம். எஞ்சிய பையை ஒரு விரல் அழுத்தத்தில் இழக்கக் கூடாது.

குழுவாகச் செய்வதற்கு

1. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு எல்லோரும் போனைக் கொண்டுவாருங்கள். ஒவ்வொருவரும் தம் போனில் உள்ள செயலிகளைப் பார்த்து, யார் போட்டது, எதற்குப் போட்டது என்று சொல்லட்டும். தெரியாதவற்றை அங்கேயே அகற்றுங்கள்.

2. ரீலோட் காசு காரணமின்றிக் குறைகிறவர்கள் யார்? எந்தச் சேவையில் தெரியாமல் சேர்க்கப்பட்டுள்ளார்கள் என்று தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டு நிறுத்தச் செய்யுங்கள்.

3. ஏமாந்தவர் வெட்கப்பட்டு மறைத்தால் யாருக்கு இலாபம்? கலந்துரையாடுங்கள்.

4. இப்பாடத்தை வாசிக்க முடியாத முதியவர் ஒருவருக்கு இளைஞர் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். தடுப்பானை அவர் போட்டுக் கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது யார் கையில் இருக்கிறது என்றும் பார்த்துச் சொல்லட்டும்.