வலி மாத்திரையும் இரைப்பையும்

இடுப்பு வலியும் முழங்கால் வலியும் வயலில் உழைப்போருக்குப் புதியன அல்ல. முற்காலத்தில் ஒத்தடமும் ஓய்வுமே அவற்றிற்குப் பரிகாரமாக இருந்தன. இன்றோ மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மீண்டும் வேலைக்குச் செல்லுகிறோம். வலி அடங்குகிறது, வேலையும் நடைபெறுகிறது. ஆனால் அம்மாத்திரை வலியை மட்டும் அடக்குவதில்லை. இரைப்பையைக் காத்துவரும் இயற்கையின் ஏற்பாட்டையும் உடன் அடக்கிவிடுகிறது. இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை விவசாயிகளும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் அறிந்துகொள்ளுதல் மிகவும் அவசியமாகும்.

இரைப்பையின் அமிலமும் அதன் கரையும்

நமது இரைப்பை நாளொன்றுக்குச் சுமார் 2 லிட்டர் ஜீரண நீரைச் சுரக்கிறது. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ளது. ஆகாரத்துடன் புகும் கிருமிகளைக் கொல்வதும், புரதச்சத்து செரிப்பதற்குத் துணைபுரிவதும் அதன் வேலை. இறைச்சியையே கரைக்க வல்ல இந்நீர், சதையாலான இரைப்பையின் சுவரை ஏன் கரைத்துவிடுவதில்லை?

ஏரி நீரைக் கரை தாங்குவதுபோல, இந்த அமிலத்தைத் தாங்கவும் ஒரு கரை உண்டு. இரைப்பையின் உட்புறம் முழுவதும் வழவழப்பான சளிப்படலம் பூசப்பட்டுள்ளது. அப்படலத்தினுள், ஆப்ப சோடாவில் உள்ளதைப் போன்ற காரப்பொருள் ஊறிக்கொண்டிருக்கிறது. உட்புகும் அமிலத்தை அது முறிக்கிறது. அதற்கும் அடியில் இடைவிடாது ஓடும் இரத்தம், கசிந்து வரும் அமிலத்தை அகற்றி, தேய்ந்த உயிரணுக்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதற்கு வேண்டிய போஷாக்கையும் அளிக்கிறது.

கரையைக் காக்கும் பொருள்

இந்தக் கரையைப் பராமரிக்கும் பொருளே பிராஸ்டாகிளாண்டின் என்பது. ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி உல்ஃப் ஃபான் ஆய்லர் 1930-களில் இதற்குப் பெயரிட்டார். பிராஸ்டேட் சுரப்பியில் உண்டாவது என்று கருதியே அப்பெயர் இடப்பட்டது. ஆனால் உடலின் பெரும்பாலான திசுக்கள் இதை உண்டாக்குகின்றன என்பது பின்னர்த் தெரியவந்தது. தேவையான இடத்தில் உற்பத்தியாகி, அவ்விடத்திலேயே வேலை செய்து, விரைவில் அழிந்துவிடுவது இதன் இயல்பு.

இரைப்பையில் இது புரியும் பணிகள் நான்கு: சளிப்படலத்தைப் பெருக்குகிறது, காரப்பொருளை ஊறச் செய்கிறது, இரத்த ஓட்டத்தைக் காக்கிறது, அமிலம் அளவுக்கு மீறிச் சுரவாதபடி தடுக்கிறது. அதாவது, கரையைப் பலப்படுத்துவதுடன் மடையையும் ஓரளவு அடைத்து வைக்கிறது. பிராஸ்டாகிளாண்டினைச் செலுத்தினால் இரைப்பையின் அமிலச் சுரப்புக் குறைகிறது என்பதை ஆந்திரே ராபர்ட் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் நாய்களில் சோதித்து 1967-இல் வெளியிட்டனர்.

ஆனால் இதே இனத்துப் பொருள்தான் அடிபட்ட இடத்தில் வீக்கத்தையும் வலியையும் மிகுவிக்கிறது, காய்ச்சலையும் உண்டாக்குகிறது. ஆகவே இதன் உற்பத்தியைத் தடுத்தால் வலி தணிகிறது.

மாத்திரை செய்வது என்ன?

ஆஸ்பிரின் 1899-இல் விற்பனைக்கு வந்தது. எனினும் அது எவ்வாறு வலியைத் தணிக்கிறது என்பது எழுபது ஆண்டுகளுக்கு மேல் விளங்காமலேயே இருந்தது. பிராஸ்டாகிளாண்டின் உற்பத்தியை அது தடுக்கிறது என்பதை 1971-இல் இங்கிலாந்தின் ஜான் வேன் கண்டறிந்தார். 1982-இல் அவருக்கும், ஸ்வீடன் நாட்டின் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் ஆகியோருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் முதலியனவும் இவ்வகையினவே. முழங்காலின் வீக்கம் வேறு, இரைப்பையின் கரை வேறு என்று இவை பிரித்தறிவதில்லை. இரண்டிடத்திலும் உற்பத்தி குறைகிறது. அமிலத்தின் மீதிருந்த கட்டுப்பாடு தளர்கிறது. எனினும் அமிலம் மிகுவதைக் காட்டிலும் கரை மெலிவதே பெருங்கேடு. மெலிந்த இடத்தில் அமிலம் அரிக்கப் புண் உண்டாகிறது. மேலும் ஆஸ்பிரின் இரத்தம் உறைவதற்கு உதவும் தட்டணுக்களையும் செயலிழக்கச் செய்கிறது. ஆதலின் புண்ணிலிருந்து கசியும் இரத்தம் எளிதில் நிற்பதில்லை.

இவற்றில் பெரும் அபாயம் யாதெனில், வலியை அடக்கும் மாத்திரை புண்ணின் வலியையும் மறைத்துவிடக்கூடும் என்பதே. மலம் தார்போலக் கறுத்துப் போவதோ, இரத்த வாந்தியோதான் சிலருக்கு முதல் அறிகுறியாகிறது.

தவறான நம்பிக்கைகள்

"சாப்பிட்டபின் போட்டுக்கொண்டால் தீங்கில்லை" என்பர். உணவு நேரடி எரிச்சலைக் குறைக்கலாம். ஆனால் மாத்திரை இரத்தத்தில் கலந்தபின் விளைவிக்கும் கேட்டைத் தடுக்காது. "ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்குக் கெடுதலில்லை" என்பதும் தவறு. ஊசி மருந்தும் இரத்தத்தின் வழியே இரைப்பையை அடைந்து, அங்கே பிராஸ்டாகிளாண்டினைக் குறைக்கவே செய்யும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. மருத்துவரின் ஆலோசனையின்றி வலி மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்ளலாகாது. இருவகை வலி மாத்திரைகளைச் சேர்த்து உண்பது அபாயத்தை மிகுவிக்கும்.

2. முதியோர், முன்பு வயிற்றுப்புண் கண்டவர், ஸ்டீராய்டு அல்லது இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உண்போர் ஆகியோர் மிகுந்த எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். அவசியம் நேரின் மருத்துவர் அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் போன்ற மருந்தையும் சேர்த்துக் கொடுப்பார்.

3. இருதய நோய்க்காக மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஐயம் இருப்பின் அவரையே கேட்க வேண்டும்.

4. காரணம் தெரியாத காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் ஆகியவற்றை உண்ணலாகாது. அது டெங்குவாக இருப்பின் இரத்தப்போக்கு மிகும். பாரசிட்டமால் இரைப்பையை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆனால் அதுவும் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும்.

5. கடும் வெயிலில் உழைத்து உடலில் நீர் வற்றியிருக்கும் வேளையில் இம்மாத்திரைகள் சிறுநீரகத்தையும் தாக்கும். அங்கும் இரத்த ஓட்டத்தைக் காப்பது பிராஸ்டாகிளாண்டினே.

6. மலம் தார்போல் கறுத்தல், இரத்த வாந்தி, திடீரென்று கடும் வயிற்றுவலி, மயக்கம் இவற்றில் ஏதேனும் காணின் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பஞ்சாயத்தின் பங்கு

டைக்ளோஃபினாக் போன்றவை மருத்துவரின் சீட்டின்பேரில் மட்டுமே விற்கப்பட வேண்டிய மருந்துகள் என்பதை உறுப்பினர்கள் மக்களுக்கு உணர்த்தலாம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ கிராம சபைக் கூட்டத்திற்கு அழைத்து இதுபற்றிப் பேசச் செய்யலாம். நெடுநாள் மூட்டுவலியால் வருந்தும் முதியோர் யார் யார் என்பதை உறுப்பினர்கள் அறிவர். அவர்கள் தாமே மாத்திரை வாங்கி உண்டு காலம் தள்ளாமல், முறையான சிகிச்சை பெற வழிகாட்டுதல் நலம்.

ஏரிக்கரையில் சிறு கசிவைக் கண்டதும் ஊரார் கூடி மண் கொட்டி அடைக்கிறோம், உடைப்பெடுக்கும்வரை காத்திருப்பதில்லை. உடலினுள் இருக்கும் கரையோ கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆதலின் அதனை முன்கூட்டியே காப்பது அறிவுடைமையாகும்.